பரணிலிருந்து இறக்கிய கம்பளிக் கம்பளம்: வீட்டிலேயே சுத்தம் செய்யும் முறை

செட்டிநாட்டில் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கல்யாணத்துக்கோ, முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கோ திறக்கும்போது, பரணிலிருந்தோ தகரப் பெட்டியிலிருந்தோ ஒரு பழைய கம்பளம் கீழே வரும். பட்டாலையில் (கூடத்தில்) விரிக்க வேண்டும், விசேஷத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது. அவசரத்தில் முற்றத்தில் போட்டு, சலவைத் தூளைத் தூவி, விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவி, மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். சிவப்பு வெள்ளைக்குள் ஓடியிருக்கும், ஓரம் சுருண்டிருக்கும், நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை வாடை அடிக்கும். பல வருடம் பரணில் கிடந்தும் கெடாத பொருள் ஒரு காலைப் பொழுதில் கெட்டுப்போகிறது.

கம்பளத்தில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசிதான். அதை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் தண்ணீருக்கு மிஞ்சுவது கொஞ்சம். பல கம்பளங்களுக்குத் தண்ணீரே தேவைப்படாது. அதனால் இந்தக் கட்டுரையில் துவைப்பது கடைசிப் பக்கமாகத்தான் வரும்.

முதலில், அது கம்பளிதானா?

பெட்டியில் இருப்பதெல்லாம் கம்பளி என்று நினைக்க வேண்டாம். பவானி ஜமுக்காளம் பருத்தி. அதன் பளபளப்பான கரை பெரும்பாலும் செயற்கைப் பட்டு. வீட்டில் எல்லாவற்றையும் ‘ரத்தினக் கம்பளம்’ என்றே சொல்வார்கள். சோதித்துப் பார்ப்பது எளிது. மூலையில், கண்ணுக்குப் படாத இடத்தில் மேல்முடியிலிருந்து ஒரு இழையை இடுக்கியால் பிடுங்கி, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்ததும் அணையும், மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் செயற்கைப் பட்டும் காகிதம் போல் சடசடவென்று எரிந்து சாம்பலாகும். நைலான், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். அசல் பட்டும் மயிர் வாடைதான் அடிக்கும். ஆனால் அதன் மினுமினுப்பும் வழுக்கலும் காட்டிக்கொடுத்துவிடும். பட்டு என்று தெரிந்தால் இந்த முறை அதற்கு வேண்டாம். செயற்கைப் பட்டும் அப்படித்தான். நனைந்தால் அதன் பலம் பாதியாகக் குறையும், காய்ந்தால் மஞ்சள் படியும்.

அடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே உள்ள பூ வேலைப்பாடு கீழேயும் சின்னச் சின்ன முடிச்சுகளாக அப்படியே தெரிந்தால் அது கையால் முடிச்சுப் போட்டது. ஏலூர், காஷ்மீர், மிர்சாபூர் பக்கத்துப் பழைய கம்பளங்கள் இந்த வகை. இவற்றை வீட்டில் துவைக்கலாம். அடியில் கித்தான் துணி ஒட்டியிருந்தால் அதற்குள் ரப்பர் பால் பூச்சு இருக்கிறது. வயதான ரப்பர் பொடிந்து மஞ்சள் மாவாக உதிரும். அதை நனைத்தால் துணி தனியே, முடி தனியே பிரிந்து வரும்.

துவைக்கலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது

மூன்று சோதனைகள். எதிலும் அவசரம் கூடாது.

முதலாவது பாவு நூலின் பலம். கம்பளிக் கம்பளத்தின் முடிதான் கம்பளி. பல கம்பளங்களில் அதைத் தாங்கும் உள்நூலும் ஓரத்துக் குஞ்சமும் பருத்தி. நெடுநாள் ஈரத்தில் கிடந்த பருத்தி உள்ளுக்குள் மக்கிவிடும். கம்பளத்தின் ஒரு பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடித்துப் பாருங்கள். காய்ந்த சருகு ஒடிவது போல் ‘படபட’ சத்தம் கேட்டால் நூல் முறிகிறது. அதோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் கம்பளத்தை நனைத்துத் தூக்கினால் அதன் எடையே அதைக் கிழித்துவிடும்.

இரண்டாவது சாயம். வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் தனித்தனியாக வைத்து, மேலே ஒரு கனமான கிண்ணத்தை 5 நிமிடம் வையுங்கள். பிறகு அதே சோதனையைச் சோப்புக் கரைசலில் நனைத்த துணியாலும், வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியாலும் செய்யுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் துரோகம் செய்யும். துணியில் லேசான நிழல் பட்டாலும் முழுத் துவைப்பு வேண்டாம்; பின்னால் சொல்லியிருக்கும் நுரை முறைக்குப் போய்விடுங்கள். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். ஏற்கெனவே விட்டுப்போன சாயத்தை உப்பு ஒட்டவைக்காது. முடிக்குள் மிஞ்சிய உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும்.

மூன்றாவது அளவும் எடையும். கைமுடிச்சுக் கம்பளம் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். 4 அடிக்கு 6 அடிக் கம்பளம் உலர்ந்த நிலையில் 7, 8 கிலோ. நனைந்தால் 20 கிலோவைத் தொடும். இரண்டு பேர் சேர்ந்தால் சமாளிக்கலாம். 9 அடிக்கு 12 அடி என்றால் உலர்ந்தே 30 கிலோவுக்கு மேல். ஆள் இருந்தாலும் அதை வீட்டில் துவைக்கச் சொல்ல மாட்டோம். தூக்குவதைக் கூடச் சமாளித்துவிடலாம், ஒரே நாளில் உலர்த்த முடியாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய கம்பளத்துக்கும் இதே மூன்று சோதனைகள்தான். நிறத்தைப் பிரகாசமாகக் காட்ட மேலே சாயம் தொட்டு விற்கப்படும் கம்பளம் எங்கும் உண்டு. முடியை விரித்துப் பார்த்தால் நுனி ஒரு நிறமும் வேர் வேறு நிறமுமாக இருக்கும். நுனி வெளிறி வேர் அடர்த்தியாக இருந்தால் வெயிலில் மங்கியது, அது இயல்பு. நுனி அடர்த்தியாக, வேர் வெளிறி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன்

பூட்டிய வீட்டுக் கம்பளத்தில் வௌவால் புழுக்கை, எலிச் சிறுநீர், புறா எச்சம் எதுவும் இருக்கலாம். என்-95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூள் மூச்சுக்குள் போகும். மேலே தண்ணீரை லேசாகத் தெளித்து, காகிதத்தால் அள்ளி எடுங்கள். எலி இருந்த இடத்தில் கையில் கீறலோடு வேலை செய்வது எலிக்காய்ச்சலுக்கு வழி.

மடிப்புகளுக்குள் வெள்ளைப் பொடி தெரிந்தால் இன்னும் கவனம். அந்தக் காலத்தில் பூச்சிக்காக டி.டி.டி., கெமாக்ஸின் பொடி தூவி வைப்பது சாதாரணம். கெமாக்ஸினில் இருக்கும் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்து 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் பொடிக்குத் தடை தெரியாது. அப்படிப்பட்ட கம்பளத்தைத் தட்டவோ உதறவோ வேண்டாம். பாலிதீனில் சுற்றி, குழந்தைகள் புழங்காத இடத்தில் வைத்து, தொழில்முறைச் சலவையாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

தூசி எடுப்பது: பாதி வேலை இதுதான்

நம் பக்கத்து மண் செம்மண். இரும்புச் சத்து நிறைந்த நுண்ணிய தூள். உலர்ந்திருக்கும்வரை தட்டினால் உதிரும். ஒருமுறை நனைந்துவிட்டால் முடிச்சின் வேரில் சேறாக இறங்கி, வெள்ளைப் பருத்தி நூலில் காவியாக ஏறும். அதற்குப் பிறகு எந்தச் சோப்பும் முழுதாக எடுக்காது. கூடவே இருக்கும் மணல் துகள்களின் முனை கூர்மையானது. ஆள் நடக்க நடக்க அவை முடியின் அடியை அறுக்கும். கம்பளம் தேய்வது பெரும்பாலும் இந்த மணலால்தான்.

கயிற்றுக் கட்டில் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. கட்டிலுக்குக் கீழே பழைய போர்வையை விரியுங்கள். கம்பளத்தை முடிப்பக்கம் கீழே பார்க்கும்படி கட்டில் மேல் போடுங்கள். துணி சுற்றிய மூங்கில் குச்சியால் அடிப்பக்கத்தை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. மேலும் கீழுமாக அதிர்ந்தாலே மணல் கயிற்று இடுக்கு வழியாகப் போர்வையில் கொட்டும். பத்து நிமிடம் தட்டி, போர்வையில் சேர்ந்ததைக் கொட்டிவிட்டு மறுபடியும் தட்டுங்கள். ஒரு சுற்றில் கொட்டுவது முந்திய சுற்றில் கொட்டியதில் கால்வாசிக்கும் குறைவாகும்வரை தொடருங்கள். பழைய கம்பளத்துக்கு மூன்று நாலு சுற்று ஆகும். முதல் சுற்றில் ஒரு படி மண் கொட்டினால் பயப்பட வேண்டாம்.

பிறகு அடிப்பக்கத்தில் வாக்குவம் கிளீனர். சுழலும் பிரஷ் உள்ள முனையைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் முனையைப் பயன்படுத்துங்கள். சுழல் பிரஷ் பழைய முடியைப் பிடுங்கும், குஞ்சத்தை விழுங்கும். முடி தளர்ந்த கம்பளம் என்றால் கொசுவலைத் துண்டு ஒன்றை மேலே விரித்து, வலையின் வழியாக உறிஞ்சுங்கள். கடைசியாக முடிப்பக்கம். கையால் தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் முரடாகவும் இருக்கும். வழவழப்பான திசைதான் முடி படுத்திருக்கும் திசை. அந்தத் திசையில் மட்டும் இழுங்கள். இந்தத் திசையைச் சாக்பீஸால் தரையில் குறித்து வையுங்கள். துவைக்கும்போதும் உலர்த்தும்போதும் வேண்டும்.

இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துச் ‘சடார்’ என்று உதறுவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். போர்வைக்குச் சரி. பழைய கம்பளத்தில் முனை நூல் அறுந்து முடிச்சு கழலத் தொடங்குவது இங்கேதான்.

தூசி எடுத்து முடித்ததும் கம்பளத்தை விரித்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் தெளிந்து, கையில் பிசுக்கு ஒட்டாமல், வாடை இல்லாமல் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். துவைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

பூச்சி இருக்கிறதா

கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் பூச்சி எதையும் தின்னாது. அதைப் பார்த்தால் புழு வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அடையாளங்கள்: முடியில் வழுக்கைக் கோடுகள், நூலாம்படை போன்ற சிறு கூடுகள், கம்பளியின் நிறத்திலேயே மணல் போன்ற எச்சம். பழுப்பு நிறத்தில் மயிர் முளைத்த மெல்லிய தோல்கள் உதிர்ந்து கிடந்தால் அது கம்பள வண்டின் புழு.

வெயில் நமக்கு இதில் பெரிய உதவி. பங்குனி, சித்திரையில் நன்றாக உலர்ந்த கம்பளத்தை விரித்த நிலையிலேயே கறுப்புப் பாலிதீன் தாளுக்குள் வைத்து, ஓரத்தை ஒட்டி, மொட்டைமாடியில் ஒரு பலகை மேல் 11 மணி முதல் 3 மணி வரை வையுங்கள். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். உள்ளே ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். 55 டிகிரி செல்சியஸைத் தொட்டு ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு எதுவும் பிழைக்காது. கம்பளத்தில் ஈரம் இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது, பாலிதீனுக்குள் அவிந்துபோகும். சின்னக் கம்பளம் என்றால் பாலிதீனில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஆழ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்பதும் அதே வேலையைச் செய்யும்.

எங்கே, எப்போது துவைப்பது

மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். காலை ஆறரைக்கு ஆரம்பியுங்கள். இதற்கு இரண்டு காரணம்: உலர்த்த முழுப் பகல் கிடைக்கும், மாடித் தொட்டித் தண்ணீர் அப்போதுதான் குளிர்ச்சியாக இருக்கும். மதியம் அதே குழாயில் கை பொறுக்காத சூடு வரும். கம்பளிக்கு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். சூடு, சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேரும்போதுதான் கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, கம்பளம் சுருங்கிக் கட்டிதட்டும். வாஷிங் மெஷின் செய்வது இதைத்தான்.

இடம் முக்கியம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துவைக்காதீர்கள். அது சிமெண்ட்டில் செய்தது. வினிகர் பட்டால் மேல் பளபளப்பு அரிக்கும், கம்பளத்தின் சாயம் ஓடினால் கல்லில் இறங்கிவிடும். கருங்கல் பாவிய முற்றமோ பின்கட்டுக் கிணற்றடியோதான் சரி. முற்றம் ஏற்கெனவே வாட்டமாக இருக்கும். முடி படுத்த திசை வாட்டத்தை நோக்கி இருக்கும்படி கம்பளத்தைப் போட்டால் தண்ணீர் தானாக வழியும். தரையை முதலில் கழுவி, மேலே ஒரு சுத்தமான தார்ப்பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இன்னொன்று. தேங்காய் எண்ணெய் சொட்டு விட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பது வழக்கம். அந்த எண்ணெய் கம்பளத்தின் அடிப்பக்கத்தில் ஏறி, தூசியைப் பிடித்துக் கறுப்புப் படலமாகும். உங்கள் கம்பளத்தின் முதுகு மட்டும் பிசுக்காக இருந்தால் காரணம் இதுதான். அங்கே இரண்டு முறை சோப்புக் கரைசல் தேவைப்படும்.

தண்ணீரும் சோப்பும்

ஆழ்குழாய்த் தண்ணீர் நம் ஊர்களில் பல இடத்தில் கடினநீர். கட்டிச் சோப்பு அதில் திரிந்து வெள்ளைப் படலமாக முடியில் ஒட்டும், கழுவினாலும் போகாது. ஒரு வாளித் தண்ணீரை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் மஞ்சள் படிந்தால் இரும்பும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்களுக்கு மழைத்தண்ணீர்தான் சிறந்தது. முற்றத்து அண்டாக்களில் மழைநீரைப் பிடித்து வைத்த வழக்கம் இந்த ஊருக்குப் புதிதா என்ன. முழு அலசலுக்கும் முடியாவிட்டாலும் கடைசி இரண்டு வாளி மழைநீராக இருந்தால் போதும்.

கம்பளி மயிரைப் போன்ற புரதம். காரம் அதை அரிக்கும். சலவை சோடா, சமையல் சோடா, சாதாரணச் சலவைத் தூள் மூன்றும் காரம். என்சைம் சேர்த்த தூள்களில் புரதத்தைச் சிதைக்கும் பொருள் இருக்கும். அது கறையோடு கம்பளியையும் சேர்த்துச் சாப்பிடும். திரவ ப்ளீச்சில் கம்பளி இழையை ஒரு இரவு போட்டு வைத்தால் காலையில் இழையே இருக்காது, கரைந்திருக்கும். அதனால் கம்பளிக்கென்று விற்கும் நடுநிலைத் திரவம், ‘ஈஸி’ போன்றது, 10 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தம் ஆகாது. அலச முடியாமல் மிஞ்சுகிற சோப்பு அடுத்த மாதமே தூசியைப் பிடிக்கும்.

பூந்திக்கொட்டையும் நல்லது. விதை நீக்கிய தோல் 100 கிராமை 2 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, 20 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் துணியில் வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். இதன் பழுப்பு நிறம் வெளிர் கம்பளத்தில் லேசாக ஏறக்கூடும், அடர்நிறக் கம்பளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீயக்காய்த் தூள் வேண்டாம். அதன் திப்பி முடிச்சுக்குள் மாட்டிக்கொண்டால் எடுக்க முடியாது.

மற்ற சாமான்கள்: மிருதுவான துணி பிரஷ், இரண்டு கடற்பஞ்சு, தரை துடைக்கும் ரப்பர் வைப்பர், ஆறேழு பழைய துண்டுகள், வெள்ளை வினிகர், தண்ணீர்க் குழாய். 4 அடிக்கு 6 அடிக் கம்பளத்துக்கு மொத்தம் 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

துவைப்பு

முதலில் முடிப்பக்கம் கீழே. அடிப்பக்கத்தைக் குழாயால் மெதுவாக நனையுங்கள். கம்பளி உடனே தண்ணீர் குடிக்காது. மேலே முத்து முத்தாக நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். சோப்புக் கரைசலைக் கடற்பஞ்சால் பூசி, லேசாக அழுத்தி, குழாயால் அலசுங்கள். பிறகு இரண்டு பேராகத் திருப்புங்கள். ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கினால் நூல் முறியும், கைகளை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும்.

முடிப்பக்கத்தில் கரைசலைப் பூசி, முடி படுத்த திசையில் மட்டும் பிரஷை இழுங்கள். வட்டமாகத் தேய்ப்பது, குறுக்கே தேய்ப்பது, காலால் மிதிப்பது எல்லாம் முடியைக் கட்டிதட்ட வைக்கும். ஒரு சதுர அடிக்கு ஏழெட்டு இழுப்பு போதும். ஆடு நனைந்தது போன்ற வாடை வரும். அது கம்பளியின் இயல்பு, காய்ந்ததும் போய்விடும்.

இனி வைப்பர். துவைப்பில் சுத்தம் செய்வது இதுதான், சோப்பு இல்லை. வைப்பரை அழுத்தி, முடியின் திசையிலேயே தள்ளினால் கறுத்த தண்ணீர் ஓரத்தில் வழியும். குழாயால் நனைப்பது, வைப்பரால் தள்ளுவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வழியும் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவும் நுரையில்லாமலும் வரும்வரை விடாதீர்கள். ஆறேழு முறை ஆகலாம். இடையில் திடீரென்று சிவப்புத் தண்ணீர் வந்தால் சோப்பை நிறுத்தி, வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, உடனே வைப்பரால் தள்ளி, துண்டுகளை வைத்து அழுத்துங்கள். அமிலம் கம்பளிச் சாயம் மேலும் கழலாமல் ஓரளவு தடுக்கும்.

கடைசியாக 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வினிகர். மளிகைக் கடையில் கிடைக்கும் 4 அல்லது 5 சதவீத வினிகரே போதும். மிஞ்சிய காரத்தை அது சரிக்கட்டும், முடி மிருதுவாகும். இதை அலச வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் என்று மாற்று தேடாதீர்கள். சர்க்கரையும் நிறமும் முடியில் தங்கும்.

முதல் நனைப்பிலிருந்து இந்த இடம் வரை 40 நிமிடத்துக்குள் முடியுங்கள். நேரம் ஆக ஆகச் சாயம் கழலும் ஆபத்து கூடும். ஊறவைக்கவே வேண்டாம்.

குஞ்சத்தைத் தனியாகப் பாருங்கள். அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, கரைசல் தொட்ட பஞ்சால் மேலிருந்து கீழே உருவி, தண்ணீரால் உருவி, நேராக நீவி விடுங்கள்.

உலர்த்துவது

வைப்பரால் ஒரு சொட்டும் வராத அளவுக்குத் தள்ளிய பிறகு, மேலும் கீழும் துண்டுகளை வைத்துச் சுருட்டி, சுருட்டின் மேல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது.

பிறகு கயிற்றுக் கட்டில் அல்லது மூங்கில் பரப்பு. இரும்புக் கட்டிலும் இரும்புக் கேட்டும் வேண்டாம், துருக் கோடு விழும். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் எடை முழுக்க ஒரு கோட்டில் இறங்கி அந்த இடம் இழுபட்டுவிடும். பிறகு தரையில் விரித்தால் படியவே படியாது. முதல் ஒரு மணி நேரம் அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு நிழல், காற்று. வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றியுள்ள தாழ்வாரம் இதற்கென்றே கட்டியது போல இருக்கும். முற்றத்தின் வழியே காற்று மேலே இழுக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு மேசை விசிறியைச் சாய்த்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். அன்று மாலைக்குள் முக்கால்வாசி காய வேண்டும், மறுநாள் காலைக்குள் முழுக்க.

முடி காய்ந்ததை வைத்து ஏமாற வேண்டாம். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வைத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். அடிப்பக்கத்து முடிச்சுகளின் மேல் புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். ஈரத்தோடு விரித்தால் உள்ளே பருத்தி மக்கும்.

மெதுவாகக் காய்ந்த கம்பளத்தில் குஞ்சம் பழுப்பாகும். அழுக்கைக் கரைத்த தண்ணீர் ஓரத்துக்கு நகர்ந்து அங்கே ஆவியாவதால் வருவது. ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தொட்டுத் துடைத்து, விசிறியில் சீக்கிரம் உலர்த்துங்கள். முழுக்கக் காய்ந்ததும் பிரஷால் ஒருமுறை முடியின் திசையில் நீவினால் பழைய தோற்றம் வரும்.

தண்ணீர் விடக்கூடாத கம்பளத்துக்கு நுரை

சாயம் விடுவதற்கும், லேசான பலவீனத்துக்கும் இது. அரை லிட்டர் தண்ணீரில் 20 மில்லி கம்பளித் திரவத்தை விட்டு, முட்டை அடிக்கும் கரண்டியால் கெட்டி நுரை வரும்வரை அடியுங்கள். நுரையை மட்டும் பஞ்சில் எடுத்து, ஒரு சதுர அடி இடத்தில் முடியின் திசையில் பூசித் துடைக்க வேண்டும். அடுத்து, தண்ணீரில் முக்கி இறுகப் பிழிந்த துண்டால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள். சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று இரண்டு விரல் ஏறட்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அடிப்பக்கம் நனையவே கூடாது.

விசேஷ வீட்டுக் கறைகள்

பொது விதி ஒன்றே: ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள், வெளியிலிருந்து உள்நோக்கிப் போங்கள்.

குத்துவிளக்கு எண்ணெய், நெய்: மேலே சோள மாவைக் கனமாகத் தூவி, ஒரு இரவு விட்டு, வாக்குவத்தால் எடுங்கள். இரண்டு முறை செய்த பிறகுதான் நுரை.

மஞ்சள்: காரச் சோப்புப் பட்டதும் செக்கச்சிவப்பாகும், பதற்றத்தில் மேலும் தேய்த்துப் பரப்பிவிடுவார்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள் (சாயச் சோதனை முடித்துவிட்டு). மிஞ்சிய மஞ்சள் வெயிலில் மங்கும். அந்த இடத்தை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடி ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள்.

குங்குமம், சந்தனம்: காயவிட்டு, வாக்குவத்தால் உறிஞ்சிய பிறகே ஈரம். வெற்றிலைச் சாறு புதிதாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர், அதன்பின் வினிகர்த் தண்ணீர். வருடக் கணக்கான கறையை விட்டுவிடுங்கள். அதை எடுக்கப் போட்டி போட்டால் நிறம்தான் போகும். குழந்தை சிறுநீர் உடனே என்றால் ஒற்றி, குளிர்ந்த தண்ணீர், வினிகர்த் தண்ணீர். பழையது அடிவரை இறங்கியிருக்கும், முழுத் துவைப்பு ஒன்றே வழி. சாயம் மாறியிருந்தால் அது திரும்பாது.

திரும்ப வைக்கும்போது

மடிக்காதீர்கள். 4 அங்குல பி.வி.சி. குழாயின் மேல் பருத்தித் துணி சுற்றி, முடிப்பக்கம் வெளியே இருக்கும்படி, முடி படுத்த திசையில் சுருட்டுங்கள். மேலே பழைய வேட்டியைச் சுற்றுங்கள். கஞ்சி போட்ட வேட்டியாக இருந்தால் இரண்டு முறை அலசிவிட்டு. கஞ்சி இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பாலிதீன் வேண்டாம், ஈரம் வெளியேறாது. சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

வசம்பை இடித்துத் துணிப் பையில் கட்டிச் சுருட்டுக்குள் வைக்கலாம். வேப்பிலை, நொச்சி என்றால் நிழலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மாதக் கணக்கில் மணம் போனதும் மாற்ற வேண்டும். இவை புதிய பூச்சியைத் தள்ளி வைக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. பாச்சா உருண்டை வேலை செய்யும். ஆனால் கைக்குழந்தை புழங்கும் வீட்டில் வைக்காதீர்கள், சில குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். கம்பளத்தின் மேல் நேராகப் படும்படியும் வேண்டாம்.

வெளியூரில் இருப்பவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருட்டை விரித்து, அரை மணி நேரம் விசிறிக் காற்று காட்டி, மறுபடி சுருட்டச் சொல்லுங்கள். ஆடி மாதத்தில் விரிப்பதானால் தெருப்பக்கத்து ஜன்னல்களை அடைத்துவிட்டு விரிக்கச் சொல்வது நல்லது. காற்றோடு வரும் மண் ஒரே நாளில் படிந்துவிடும்.